விடலை உடைத்துத் தரப்படும்

கரமனை, திருவனந்தபுரம்

அன்புள்ள தம்பி நவநீதுக்கு, அக்காள் செல்லபாய் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஒத்துழைக்கவில்லை.

நீ பெங்களூரில் இருந்துகொண்டு செல்போனில் நடத்துகிற 'துணிந்தவனே தலைவன்' வகுப்பில் உன் அத்தானைச் சேர்த்துவிட்டாய் அல்லவா, அதன் பலனைக் கேள். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கம் நம் தேங்காய்க் கடை. வருகிறவர்கள் நேர்ந்துகொண்டு ஒரு தேங்காய் வாங்குவார்கள், சாமி முன்னால் விடலையாக ஓங்கிச் சிதற உடைப்பார்கள், போவார்கள். இதில் கெடுக்க என்ன இருக்கிறது? உன் அத்தான் கண்டுபிடித்தார். போன திங்கட்கிழமை 'டீம் மீட்டிங்' என்றார். டீம் என்றால் நான். "எல்லாக் கடையிலயும் முழுத் தேங்காய்தான். நாம உடைச்சே குடுப்போம். கஸ்டமருக்கு டைம் மிச்சம். யாருக்காவது மறுப்பு உண்டா?" என்றார். "எனக்கு உண்டு. உடைக்கத்தானே வாங்குதாங்க?" என்றேன். "தலைவனுக்குத் தனிமை சகஜம்" என்று சொல்லி வெட்டுக்கத்தியை என் கையில் கொடுத்தார்.

ஒரு சாக்குத் தேங்காயையும் உடைத்தேன் தம்பி. அவர் 'விடலை உடைத்துத் தரப்படும்' என்று போர்டு எழுதினார். முதலில் வந்தவன் ஒரு வாலிபன், பாவம், வேலை கிடைக்க நேர்ந்துகொண்டவன். இரண்டு மூடியையும் மாறிமாறிப் பார்த்தான். "அண்ணாச்சி, என் விக்கினத்த நான்தானே உடைக்கணும்? நீங்க உடைச்சா பலன் உங்களுக்கல்லவா போகும்?" "உங்க டைம மிச்சம் பண்றோம் சார்" என்றார் உன் அத்தான். "டைம் இஷ்டம்போல உண்டு அண்ணாச்சி, ஜோலிதான் இல்ல" என்று பக்கத்துக் கடைப் பேச்சியிடம் போய்விட்டான். அவன் பின்னால் ஊரே போயிற்று. மத்தியானம் பேச்சிக்குச் சரக்கு தீர்ந்து, முழுத் தேங்காய் இருக்கிறதா என்று நம்மிடமே கேட்டு வந்தாள். எங்கே இருக்கிறது?

வெயில் ஏற ஏற உடைத்த தேங்காயின் வாடை மாறிற்று. உன் அத்தானோ 'தோல்வியும் முதலீடே' என்று நீ பேசுவதை நிழலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தச் சாக்கு போனால் மறுநாள் கடை இல்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு கிழக்கேகோட்டையில் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு சமையல் மாஸ்டர், "துருவித் தந்தா முழுசும் எடுக்கேன், தினமும் வேணும்" என்றார். அங்கேயே அடுக்களையில் உட்கார்ந்து துருவினேன். தோள்பட்டை இன்னும் என் பேச்சைக் கேட்கவில்லை.

நேற்று வியாபாரிகள் சங்கத்தில் உன் அத்தானுக்குப் பாராட்டு! "ரிஸ்க் எடுத்தேன், ஹோட்டல் ஆர்டர் தேடி வந்தது" என்று மைக்கில் பேசினார். உனக்கு நன்றி, பிள்ளையாருக்கு நன்றி, மைக் செட்காரருக்குக்கூட நன்றி. எனக்கு? சால்வையை மடித்து வைக்கச் சொன்னார். துணிச்சல் அவருக்கு, துருவல் எனக்கு. ஆகவே தம்பி, அந்த வகுப்பிலிருந்து அவர் பெயரை உடனே வெட்டு. இல்லாவிட்டால் அடுத்தது, கசங்கும் சிரமம் வேண்டாமென்று கசக்கிய பூ விற்பார்.

உன் மனைவி ஸ்ரீலட்சுமிக்கும் குழந்தைக்கும் என் அன்பு. பிள்ளையார் உங்களுக்கு எந்த விக்கினமும் வராமல், முக்கியமாக எந்த ஐடியாவும் வராமல் காக்கட்டும்.

அக்காள்
செல்லபாய்

பி.கு.: பெயரை வெட்டாதே. கவரை ஒட்டப்போகையில் மாஸ்டர் போன் செய்தார். இன்னும் இரண்டு ஹோட்டலுக்குத் துருவல் வேண்டுமாம். "அண்ணாச்சி வேண்டா, சேச்சிகிட்ட மட்டும்தான் கச்சவடம்" என்கிறார்; வியாபாரம் என்னோடு மட்டும்தானாம். நானும் பேச்சியும் கூட்டுச் சேர்ந்து துருவல் மிஷினுக்குச் சொல்லிவிட்டோம். உன் அத்தானிடம் மூச்சு விடாதே. அவருக்குக் காலையிலும் ஒரு வகுப்பு போடு. அவர் தலைவராக இருக்கட்டும்; நாங்கள் தொழிலைப் பார்க்கிறோம்.