சரவெடியின் பாதமும் காளீஸ்வரனின் மெத்தையும்

"அளந்து பாத்துருவோம். நாயா நானான்னு இன்னைக்குத் தெரிஞ்சிரணும்!"

சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிற காளீஸ்வரன் ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிச் சபதம் போட்டார். போடாமல் என்ன செய்வார் மனுசன்? ஒரு மாசமாக ஏசி அறையில், அவருடைய மெத்தையில், அவருடைய பெண்டாட்டி பக்கத்தில் படுத்திருப்பது சரவெடி. அவர் ஹாலில் சோபாவில் கிடக்கிறார். சோபாவோ அவரைவிட ஒரு முழம் குட்டை. கட்டின பெண்டாட்டி பக்கத்தில் படுக்க ஆசைப்படுவது ஒரு குத்தமா?

சரவெடி என்பது நாய். நீள உடம்பு, குட்டைக் கால். முதுகெலும்பில் தட்டு விலகி, பின்னங்கால் ரெண்டும் விழுந்து, மதுரையில் ஆபரேசன் ஆகி வந்தது. அப்போது காளீஸ்வரன் குலுங்கிக் குலுங்கி அழுதார், இல்லையென்று சொல்ல முடியாது. "பிள்ளை குதிக்கக் கூடாது, மெத்தையைத் தரையில போடுங்க" என்று பெண்டாட்டி சுகிர்தா சொன்னதும் கட்டிலைக் கழற்றியதே அவர்தான். இப்போது நாய் நடக்கிறது. மெத்தைதான் திரும்பி வரவில்லை.

எல்லாம் நாய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா பாண்டிலட்சுமி சொன்ன வார்த்தையால் வந்தது. "தண்டுவடம் அடிபட்டா சில நாய்க்கு உணர்ச்சியே போயிரும். சிலதுக்குத் தலைகீழா, சும்மா தொட்டாலே நெருப்புப் பட்ட மாதிரி வலிக்கும். அந்த நரம்பு வலி இருக்கிற வரைக்கும் இடத்தை மாத்தாதீங்க. தினமும் அளந்து பாருங்க."

தூக்கத்தில் புருசன் கைகால் பட்டால்கூடப் பிள்ளைக்கு வலிக்கும் என்று சுகிர்தா அவரை ஹாலுக்கு அனுப்பிவிட்டாள். அளப்பதற்கு டாக்டரம்மா பிடி போட்ட நைலான் இழைகள் கொடுத்திருந்தார். தலைமயிர் மாதிரி ஒன்று, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்று, அப்படியே தடித்துக்கொண்டே போகும். பாதத்தில் வைத்து இழை வளைகிற மட்டும் அழுத்த வேண்டும். மெல்லிசுக்கே காலை இழுத்தால் வலி இன்னும் போகவில்லை என்று அர்த்தம்.

அளப்பவர் காளீஸ்வரன். நாயின் தலையைப் பிடித்துக்கொள்பவள் சுகிர்தா. மயிரிழை பட வேண்டியதுதான், வீல் என்று காலை இழுக்கும் சரவெடி.

"பாத்தீகளா? உசுரு போகுது பிள்ளைக்கு!"

"இழை இன்னும் வளையவே இல்லையே சுகிர்தா!"

"வளையாமலே இம்புட்டு வலின்னா, வளைஞ்சா என்னாகும்? எடுங்க கைய!"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குக் கிளம்பியதும் காளீஸ்வரன் இழைகளை எடுத்தார். கொளுத்திப் பார்க்காமல் ஒரு லோடு அனுப்பாத ஆள் அவர், விடுவாரா? மயிரிழையை வைத்தார். வளைந்தது. சரவெடி கொட்டாவி விட்டது. அடுத்ததை வைத்தார். வாலை ஆட்டியது. தடியானதுக்குத்தான் 'சும்மா இரேன்' என்பதுபோலக் காலை மெல்ல நகர்த்தியது. நோவில்லாத முன்னங்காலிலும் அதே கதைதான். உணர்ச்சியும் இருக்கு, வலியும் இல்லை! "அட என் ராசா!" என்று அதன் மூஞ்சியைப் பிடித்து முத்தம் கொடுத்தார். சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்புறம் எதுக்கு அந்த வீல்?

சுகிர்தா வந்ததும் மறுபடி அளந்தார். இந்தத் தடவை பாதத்தைப் பார்க்கவில்லை, பெண்டாட்டி கையைப் பார்த்தார். மயிரிழை பட்டது. வீல்! முந்தானைக்குள்ளிருந்து ஒரு பிஸ்கட் நாயின் வாய்க்குள் போனது.

"ஏட்டி! கத்துனா பிஸ்கட்டா?"

"மொத வாரம் நெசமாவே வலிச்சுச்சு, ஆறுதலுக்குக் குடுத்தேன். பெறகு அதுவே பழகிருச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

காளீஸ்வரன் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார். விசயத்தைக் கேட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிஸ்கட் இல்லாம அளந்ததுதான் சரி. வலி போயிருச்சு. இனிமே அது எங்க வேணாலும் படுக்கலாம்." ஸ்பீக்கரைப் போட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் காளீஸ்வரன். சுகிர்தா காதில் நன்றாக விழ வேண்டுமல்லவா!

மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு தலகாணியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எலெக்சனில் ஜெயித்தவர் மாதிரி அறைக்குள் நுழைந்தார். சுகிர்தா எழுந்தாள். தன் தலகாணியை எடுத்தாள். போர்வையை எடுத்தாள். சரவெடியைக் கூப்பிட்டாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஹாலுக்கு. நானும் பிள்ளையும் அங்கன படுத்துக்கிடுறோம்."

"எதுக்கு? மெத்தையில அம்புட்டு இடம் கெடக்குல்ல?"

"கல்யாணமாகி இந்த ஒரு மாசந்தாங்க நான் நிம்மதியா உறங்கிருக்கேன். நீங்க ஏசியப் போட்டு நல்லாப் படுங்க. கதவ மட்டும் இறுக்கிச் சாத்திக்கிடுங்க. அணுகுண்டு வெடிக்கே அசராத பிள்ளை, உங்க கொறட்டைக்குத்தான் நடுங்குது."