விலாங்கிலிருந்து விடுதலை

இந்த வருடம் எங்கள் திருமண நாளன்று ராத்திரிச் சாப்பாடு எந்தக் கடையில் என்பதை நான்தான் முடிவு செய்வேன். ஆம், நானேதான். இதை உரக்க, தெளிவாக, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன். கண்ணாடி எதிர்த்துப் பேசவில்லை. நல்ல ஆரம்பம்.

என் பெயர் எர்மெஸ். இத்தாலியில் ஃபெராரா என்ற ஊரில் சைக்கிள் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருடைய பிரேக் என் கையில். என் பிரேக் என் மனைவி ஓர்னெல்லாவின் கையில். பெல்லும் அவள்தான்.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம். இதுவரை வந்த இருபத்தேழு திருமண நாளும் அவள் அண்ணன் ஆர்மாந்தோவின் கடையில்தான் கழிந்தன. கோட்டை அகழிக்கு எதிர்த்தாற்போல் கடை. இருபத்தேழு தடவையும் ஒரே சாப்பாடு: கரியில் சுட்ட விலாங்கு மீன், பக்கத்தில் சோளக்களி.

ஊரே சப்புக்கொட்டிச் சாப்பிடுகிற மீன்தான். எனக்குத்தான் ஆகாது. தட்டில் வெந்து கிடக்கும்போதுகூட அது எங்கேயோ கிளம்பத் தயாராக இருப்பதுபோலவே எனக்குத் தோன்றும். அதைவிடக் கொடுமை மச்சான். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பான். விழுங்கியதும், "எப்படி மாப்ளே?" என்பான். பிறகு பக்கத்து மேஜைக்காரர்களுக்குக் கதை சொல்லுவான். கல்யாணத்தன்று பாதிரியார் கேட்டதற்கு நான் 'ஆம்' என்பதற்குப் பதில் 'ஆமென்' என்று சொன்ன கதை. இருபத்தேழு வருடமாக ஊர் சிரிக்கிறது.

என் கனவு வேறு. வளைவுச் சந்தில் நேரியோ என்பவன் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறான். மொத்தமே ஆறு மேஜை. அங்கே சலாமா கிடைக்கும். பன்றி இறைச்சியில் ஒயினும் மிளகும் கிராம்பும் சேர்த்துப் பிசைந்து, உருண்டையாகக் கட்டி, மாதக்கணக்கில் தொங்கவிட்டு, மணிக்கணக்கில் வேகவைத்து, உருளைக்கிழங்கு மசியல்மேல் வைத்துக் கொடுப்பான். அந்தச் சந்தில் சைக்கிளில் போனால் என் சைக்கிள் தானாகவே நிற்கும். அதற்கு பிரேக் தேவையில்லை.

கீழ்வீட்டு குவிதோவிடம் யோசனை கேட்டேன். ஓய்வுபெற்ற மருந்துக் கடைக்காரர். எல்லா வியாதிக்கும் அவரிடம் ஏதாவது இருக்கும்.

"நேராப் போய்ச் சொல்லிடவா, குவிதோ?"

"பைத்தியமா உனக்கு? நேராச் சொன்னவன் எவன் பொழைச்சிருக்கான்? அண்ணன்கிட்ட ஒரு பொய், தங்கச்சிகிட்ட ஒரு பொய். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாக்காம இருந்தாப் போதும்."

"அண்ணன்கிட்ட என்ன சொல்ல?"

"தங்கச்சிக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லு."

"தங்கச்சிகிட்ட?"

"அண்ணன் கடைக்குப் புகைபோக்கி சரியில்லைன்னு சொல்லு. மேல ஒரு அடைப்பு, கீழ ஒரு அடைப்பு. முடிஞ்சுது!"

மேதை! அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. திருமண நாள் வியாழன். கடையிலிருந்தே மச்சானுக்கு போன் போட்டேன்.

"மச்சான், ஓர்னெல்லாவுக்கு வயிறு சரியில்லை. டாக்டர் வெறும் கஞ்சிதான்னு சொல்லிட்டார்."

"அய்யய்யோ! எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமையிலேர்ந்து."

"இன்னிக்குச் செவ்வாய்தானே மாப்ளே?"

"போன வியாழக்கிழமை!"

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டேன். முதல் கோட்டை விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அடுத்த கோட்டை.

"ஓர்னெல்லா, உங்க அண்ணன் போன் பண்ணான். புகைபோக்கி அடைச்சுக்கிச்சாம். ஒரு வாரம் அடுப்பு எரியாதாம்."

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பல பொய்கள் தற்கொலை செய்துகொண்டது எனக்குத் தெரியும். இந்தப் பொய் மட்டும் நிமிர்ந்து நின்றது.

"பாவம் அண்ணன். அப்போ எங்க போறது?"

"அது... வந்து..."

"நீயே ஒரு இடம் சொல்லேன், எர்மெஸ்."

நீயே! இருபத்தெட்டு வருடத்தில் நான் கேட்காத சொல். நேரியோ கடை என்றேன். "உன் இஷ்டம்" என்றாள். எனக்கு ஓர் இஷ்டம் உண்டு என்பதே எங்கள் வீட்டுக்குப் புதுச் செய்தி. அன்று சாயங்காலம் ஊர் மதில்மேல் சைக்கிளில் ஒரு முழுச் சுற்று வந்தேன். கைப்பிடியை விட்டுவிட்டு ஓட்டினேன். அந்தக் காலத்துப் பிரபுக்கள்கூட இப்படி வலம் வந்திருக்க மாட்டார்கள்.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு நேரியோ கடையில் உட்கார்ந்தோம். வெளியே மூடுபனி, உள்ளே மிளகு வாசனை. சலாமா வந்தது. கரண்டி பட்டதும் ஆவியோடு திறந்துகொண்டது. ஓர்னெல்லா ஒரு வாய் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"எர்மெஸ், நீ இவ்வளவு கெட்டிக்காரன்னு எனக்குத் தெரியாமப் போச்சே!"

எழுந்து நின்று கோப்பையைத் தூக்கினேன். "குடும்பத் தலைவன் என்பவன்..." என்று ஆரம்பித்தேன்.

கதவு திறந்தது. மச்சான் நின்றான். மார்பில் ஏப்ரன், கையில் மூடிபோட்ட பாத்திரம்.

"வயித்துக்கு நல்லதுன்னு தங்கச்சிக்கு அரிசிக் கஞ்சி வச்சு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்," என்றான். குரல் உடைந்திருந்தது. "குவிதோதான் நீங்க இங்க இருக்கீங்கன்னாரு."

குடும்பத் தலைவன் உட்கார்ந்துவிட்டான்.

ஓர்னெல்லாவோ துள்ளி எழுந்தாள். "அண்ணே! உன் புகைபோக்கி என்னாச்சு?"

"என் புகைபோக்கிக்கு என்ன? ஜம்முனு புகையுது. உன் வயிறு?"

"என் வயித்துக்கு என்ன?"

இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள். அன்றுதான் அதை ஓர்னெல்லாவிடம் நேரில் கண்டேன். அண்ணன் பக்கம் இருந்த கண்ணில் கண்ணீர். என் பக்கம் இருந்த கண் சிமிட்டியது.

மச்சான் பாத்திரத்தோடு நாற்காலியில் சரிந்தான். "இருபத்தேழு வருஷம் மாப்ளே. என் சாப்பாடு பிடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

எவ்வளவு கதை சொன்னாலும், எனக்குக் கல்யாணச் சூட் தைத்துக் கொடுத்தவன் அவன். வாயைத் திறந்தேன். ஓர்னெல்லா முந்திக்கொண்டாள்.

"யாரு சொன்னா பிடிக்கலைன்னு? உன் விலாங்குன்னா இவனுக்கு உயிர் அண்ணே! நான் கூட வந்தா பேசிப் பேசி இவனைச் சாப்பிட விடறதில்லை. அதுதான் கோவம். வாய்விட்டுச் சொல்லத் தெரியாம இப்படிச் சுத்தி வளைச்சிருக்கான். இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் தனியா அனுப்பறேன். நிம்மதியாச் சாப்பிடட்டும்."

மச்சானின் முகம் விளக்குப் போட்டதுபோல் ஆனது. "நிஜமா மாப்ளே?"

இல்லை என்றால் அவன் மனம் உடையும். ஆமாம் என்றால் என் வயிறு உடையும். "ஆமாம் மச்சான்," என்றேன். அவன் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, கஞ்சியை எனக்கே கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "நான் பொய் சொல்றேன்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"நீ சொல்றதுக்கு முன்னாடியே. நீ குவிதோகிட்டதான் போய் நிப்பேன்னு தெரியும். அவருக்கு அந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்ததே நான்தானே."

நின்றுவிட்டேன்.

"எனக்குச் சின்ன வயசிலேர்ந்தே விலாங்கைக் கண்டா ஆகாது எர்மெஸ். சொந்த அண்ணன்கிட்ட அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? மனசு கஷ்டப்படமாட்டானா?" என்று என் கையைக் கோத்துக்கொண்டாள். அன்பாகத்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை: மச்சான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என் எதிரே நிற்கிறான்; ஓர்னெல்லா குவிதோவின் மனைவியோடு நேரியோ கடைக்குப் போயிருக்கிறாள்.