எழுதாமலே பெரிய ஆளான நிருபர்

ஒவ்வொரு தினசரியிலும் ஓர் அரசியல் நிருபர் இருக்கிறார். இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். மற்ற நிருபர்கள் தெரிந்ததை எழுதுவார்கள். நம் ஆள் தெரிந்ததை எழுதமாட்டார். அவருடைய தொழிலே அதுதான்.

ஆரம்பத்தில் அவரும் எழுதினார், பாவம். சாக்கடை அடைப்பு, கூரையில்லாத பேருந்து நிறுத்தம், மேயர் மைத்துனருக்குப் போன ஒப்பந்தம் என்று செருப்புத் தேய அலைந்து, தினம் அரைப் பக்கம் எழுதி, நாலு பேரிடம் திட்டும் வாங்கினார். பிறகு ஒரு நாள் அமைச்சர் அவரைத் தனியாக ஓரங்கட்டி, தோளில் கைபோட்டு, "இது உங்களுக்கு மட்டும். எழுதிடாதீங்க" என்று காதோடு ஏதோ சொன்னார். அன்றோடு மனிதர் முடிந்தார். மறுநாள் நடையே வேறு.

ஆசிரியர் குழுக் கூட்டத்தில் பாருங்கள் அவரை. "என்னப்பா, மந்திரிசபையில மாத்தம் இருக்கா?" என்று ஆசிரியர் கேட்பார். இவர் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருக்கு சார். ஆனா இப்ப எழுதக் கூடாது" என்பார். மாற்றம் வந்தால், "நான் சொன்னேனே." வராவிட்டால், "அதான் எழுத வேணாம்னேன்." எப்படித் தோற்பார் சொல்லுங்கள்? தலைமை நிருபர் ஆனார், அரசியல் ஆசிரியர் ஆனார். பதவி ஏற ஏற எழுத்து இளைத்தது. இப்போது வாரம் ஒரு பத்தி. 'பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்' என்று முடியும். 'தெரியாது' என்ற வார்த்தை அவர் வாயில் வந்து பல வருஷம் ஆகிறது.

அவருக்கு ஓர் அக்கா. அக்காவின் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வந்த பணத்தையெல்லாம் போட்டு, இரண்டு குழந்தைகளோடு வீடு திரும்பிய மகளுக்காக மேலே ஒரு மாடி எழுப்பிக்கொண்டிருந்தார். அமைச்சர் நம் ஆளிடம் புதிய நெடுஞ்சாலையின் வரைபடத்தைக் காட்டியது, அந்த மாடிக்கு முதல் செங்கல் வைப்பதற்கும் முன்னால். சிவப்புக் கோடு நேராக அக்கா வீட்டின் மேல் போயிற்று. "மூச்சு விடாதீங்க" என்றார் அமைச்சர். இவர் விடவில்லை. மனசு உறுத்தவில்லையா என்கிறீர்களா? உறுத்தியது. ஆனால் வெளியே கசிந்தால் அமைச்சர் அடுத்த முறை கூப்பிடுவாரா?

எட்டு மாதம் கழித்துச் செய்தி வந்தது, போட்டிப் பத்திரிகையில். நில அளவை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த காகிதத்தை யாரோ நின்று படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அக்கா அந்தப் பத்திரிகையோடு நேரே அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கையில் சிமெண்ட் தூசிகூடப் போகவில்லை.

"இது உனக்குத் தெரியுமாடா? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பான், அவனுக்கே தெரிஞ்சிருக்காதுன்னு உங்க மாமாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன்."

பதிலையும் அவளே கொடுத்துவிட்டாள். 'தெரியாதுக்கா' என்றால் தீர்ந்தது. ஆனால் சுற்றிலும் மேசைக்கு மேசை தலைகள் நிமிர்ந்திருந்தன. ஆசிரியர் வேறு கதவருகில் நின்றார். போட்டிப் பத்திரிகைக்குத் தெரிந்த விஷயம் அரசியல் ஆசிரியருக்குத் தெரியாதாமே?

"எட்டு மாசமாத் தெரியும்க்கா" என்றார் நம் ஆள்.

ஆசிரியர் மெச்சிக்கொண்டு தலையாட்டினார். அக்கா கத்தவில்லை. பத்திரிகையை மடித்துத் தம்பியின் மேசைமேல் வைத்தாள்.

"போன வாரம்கூட வந்து, படிக்கட்டைக் கொஞ்சம் அகலமா வைங்கன்னு சொல்லிட்டுப் போனியேடா" என்றாள். அவ்வளவுதான், போய்விட்டாள். பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

வாசகரே, சிரித்தது போதும். உங்கள் நண்பர் ஒருவர் கைக்காசைப் போட்டு யாரோடோ கூட்டு வியாபாரம் தொடங்கப் போகிறார் அல்லவா? அந்த யாரோ எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாம் கவிழ்ந்த பிறகு ஆறுதல் சொல்லப் போய், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்கப் போகிறீர்கள். வேண்டாம். அவருக்கு இப்போதே ஒரு போன் போடுங்கள்.

என்ன, இன்னும் உட்கார்ந்தே இருக்கிறீர்கள்?