லில்லிக்குப் பதிலாக

வீட்டுக்காரர் பெரியண்ணன் கீழ்வீட்டிலிருந்து ஏறிவந்து மாடிப்படியின் கடைசிப் படியில் நின்றார். கையில் அன்றைய தினசரி. அதன் நடுப்பக்கம் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"சார், இது என்ன தண்ணி?"

ஸ்தனிஸ்லாஸ் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் சோப்பு நுரை.

"தண்ணியா? பானையில இருந்து ததும்பியிருக்கும் ஐயா."

பெரியண்ணன் பேப்பரை மூக்கருகே கொண்டுபோனார். கொண்டுபோன வேகத்திலேயே கையைத் தூர நீட்டினார்.

"முப்பது வருஷம் காந்தி மார்க்கெட்ல வெங்காய மண்டி நடத்தினவன் சார் நான். எனக்கே தாங்கலை. இது பானைத் தண்ணியா?"

அவர் பார்வை மூலைக்குப் போனது. அங்கே சாக்கின் மேல் லில்லி தூங்கிக்கொண்டிருந்தாள். வயது பதிமூன்று. கறுப்பாக இருந்த முகம் நரைத்துவிட்டது. அவளுக்கு அடியிலிருந்து ஒரு சிறிய ஈரம் புறப்பட்டு, தரையின் வாட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உத்திரத்தின் மேலிருந்த விரிசலை நோக்கி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"நாயா? நாயா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. முக்கொம்புப் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வந்துருங்க. இல்லேன்னா வேற வீடு பாருங்க. என் தலையில நாய் மூத்திரம் விழறதுக்கா பாலக்கரையில நான் மாடி வீடு கட்டினேன்?"

சத்தம் கேட்டு லில்லி ஒரு கண்ணைத் திறந்தாள். வாலை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஸ்தனிஸ்லாசுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் வேலை பார்க்கும் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருநாள் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்த குட்டி அவள். அவருக்கு டைபாய்டு வந்த வருஷம் இருபத்தோரு நாள் கட்டிலுக்கடியை விட்டு நகராமல் கிடந்தாள். அவளை ஆற்று மணலில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறுவதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"நாய் இல்லைங்க ஐயா," என்றார். "நான்தான்."

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. அவர் மனைவி பாக்கியமேரியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

பெரியண்ணன் முகத்திலிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மெல்ல அந்தப் படியிலேயே உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா சார்?"

"ரெண்டு மாசமா."

"தூக்கத்துலயா, தும்மினாலா?"

ஸ்தனிஸ்லாஸ் லில்லியைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொண்டார். "தூக்கத்துலதாங்க. தும்மினா அவ்வளவா இல்லை."

"வருதுன்னு முன்கூட்டியே தெரியாதா?"

"தெரியாதுங்க. எழுந்திரிச்சுப் பார்த்தா அதுக்கே ஆச்சரியமா... எனக்கே ஆச்சரியமா இருக்கும்."

பெரியண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எழுந்து அவர் தோளைத் தட்டினார். "வெட்கப்படாதீங்க சார். எதுக்கும் மருந்து இருக்கு. நான் பார்த்துக்கிறேன்."

அவர் இறங்கிப் போனதும் பாக்கியமேரி வெளியே வந்தாள்.

"என்னங்க, வேற பொய்யே கிடைக்கலையா?"

"அவசரத்துல அதான் மேரி வந்துச்சு."

"வந்துச்சா? அதுவும் தன்னை அறியாமத்தானா?"

அன்று சாயந்திரம் ஸ்தனிஸ்லாஸ் கால்நடை டாக்டரிடம் லில்லியைத் தூக்கிக்கொண்டு போனார். டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வயசான பெட்டை நாய்க்கு வர்றதுதான். மூத்திரப்பையை மூடி வைக்கிற தசை தளர்ந்துபோச்சு. தூங்கும்போது ஒழுகும். அது வேணும்னு பண்றதில்லை. அடிக்காதீங்க, தண்ணியைக் குறைக்காதீங்க. அடிக்கடி வெளியே கூட்டிட்டுப் போங்க."

"மருந்து?"

"பொறுமைதான்."

லில்லிக்கு மருந்தில்லை. ஆனால் ஸ்தனிஸ்லாசுக்கு வந்தது. மறுநாளே பெரியண்ணன் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய், அங்கே ஒரு வைத்தியரிடம் ஒரு பாட்டில் கஷாயம் வாங்கி வந்தார். எதிரே உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை அவர் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார். காலையில் ஒர்க்‌ஷாப் சங்கு ஊதுமுன் வாசலில் நின்றார்.

"எப்படி சார் இருக்கு?"

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்து ஸ்தனிஸ்லாஸ், "நல்ல குணம் தெரியுதுங்க" என்றார்.

பெரியண்ணன் முகம் அப்படி மலர்ந்து அவர் பார்த்ததே இல்லை. அன்று மத்தியானம் பெரியண்ணனின் தோள்மேல் ஒரு சொட்டு விழுந்தது. சாயந்திரம் கஷாயம் இரண்டு வேளையாயிற்று.

குணமில்லை என்று சொல்லிப் பார்த்தார். வேறு கஷாயம் வந்தது. வள்ளிக்கண்ணு அம்மாள், பெரியண்ணனின் மனைவி, ஒழுக்கைக் கட்டும் என்று ஒரு டப்பா எள்ளுருண்டை கொடுத்தனுப்பினாள். அது மட்டும்தான் உரியவளுக்குப் போய்ச் சேர்ந்தது. லில்லி டப்பாவை நக்கியே துடைத்துவிட்டாள்.

ஸ்தனிஸ்லாஸ் பெரிய கடைத்தெருவில் ரப்பர் ஷீட் வாங்கி லில்லிக்கு அடியில் விரித்தார். அதன் வாடை பிடிக்காமல் அவள் நகர்ந்துபோய் நேராக விரிசலின் மேலேயே படுத்துக்கொண்டாள். இனி அவளுக்கே எதையாவது கட்டிவிட வேண்டியதுதான் என்று பாக்கியமேரி ஒரு பழைய பாவாடையைக் கிழித்து, உள்ளே பஞ்சு வைத்துக் குட்டி நிஜார் இரண்டு தைத்தாள். சொட்டு நின்றது. ஆனால் நிஜாரைத் துவைத்துக் காயப்போட வேண்டுமே.

கொல்லைக் கொடியடியில் பெரியண்ணன் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு சார்?"

"எனக்குத்தாங்க."

"இவ்வளவு சின்னதாவா?"

"இழுத்துக் கட்டுறதுங்க. தளர்வா இருந்தா பிரயோஜனமில்லை."

பெரியண்ணன் நிஜாரின் பின்பக்கம் விரலை விட்டார். லில்லியின் வாலுக்காக விட்டிருந்த ஓட்டை வழியாக விரல் அந்தப்பக்கம் வந்தது.

"இந்த ஓட்டை?"

ஸ்தனிஸ்லாஸ் நிஜாரை அவர் விரலிலிருந்து உருவினார். "காத்தோட்டத்துக்குங்க."

"நல்ல யோசனைதான்," என்றார் பெரியண்ணன். யோசித்தபடியே உள்ளே போனார்.

சொட்டு நின்றதால் விவகாரமும் நின்றுவிடும் என்று ஸ்தனிஸ்லாஸ் நம்பினார். சனிக்கிழமை சாயந்திரம் பெரியண்ணன் மேலே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துணியைக் கட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு சார் காலந்தள்றது? பெரிய டாக்டரையே பார்த்துட்டேன். ஒண்ணு விடாம எல்லாத்தையும் எடுத்துச் சொன்னேன். அவ்வளவு பொறுமையாக் கேட்டாரு. சின்ன ஆபரேஷன்தானாம். திங்கட்கிழமை காலையில ஆஸ்பத்திரியில கட்டில் சொல்லி வச்சாச்சு. எட்டு மணிக்குக் குதிரைவண்டி வரும்."

"ஆபரேஷனா! ஐயா, எனக்கு லீவு..."

"உங்க ஆபீசருக்கு நான் வந்து சொல்றேன்."

அவர் போனபிறகு புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லில்லி நிஜாருடன் நடுவில் வந்து உட்கார்ந்தாள்.

"போதுங்க," என்றாள் பாக்கியமேரி. "நாய்க்காகக் கஷாயம் குடிக்கலாம். கத்தி வச்சுக்க முடியுமா? போய் உண்மையைச் சொல்லிடுங்க."

"சொன்னா இவளை விடணுமே மேரி."

"வேற வீடு பார்ப்போம். எடமலைப்பட்டி புதூர்ல ஓலை வீடாவது கிடைக்காமலா போகும்?" அவள் லில்லியின் தலையைத் தடவினாள். "அங்க ஒழுகினாலும் கீழே ஆள் இருக்கமாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் கீழ்வீட்டுக்குப் போனார். வள்ளிக்கண்ணு அம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா இல்லையாம்மா?"

"ஸ்ரீரங்கம் போயிருக்காரு சார். நாளைக்கு நல்லபடியா முடியணும்னு தாயார் சன்னிதியில அர்ச்சனை."

எனக்காகவா என்று நினைத்தார் ஸ்தனிஸ்லாஸ். இத்தனை நல்ல மனுஷரையா ஏமாற்றினோம்? நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். சொட்டு, பொய், நிஜார், அதிலிருந்த ஓட்டை.

"நான் இல்லைம்மா. எல்லாம் லில்லிதான். அவளை விட்டுட்டு எங்களால இருக்க முடியாது. ஒரு மாசம் தவணை கொடுத்தீங்கன்னா காலி பண்ணிடறோம். ஐயா வந்ததும் நானே அவர் கால்ல விழுந்து சொல்லிடறேன்."

வள்ளிக்கண்ணு அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நாய் இங்கேயே இருக்கட்டும் சார், நீங்க வாயை மட்டும் திறந்துடாதீங்க. ரெண்டு வருஷமா மண்டிக்கும் போகாம மூடி மறைச்சுக்கிட்டிருந்த மனுஷன், உங்களுக்கும் இருக்குங்கிற தைரியத்துலதான் டாக்டர் வாசலையே மிதிச்சாரு. நாளைக்கு உங்க பக்கத்துக் கட்டில்ல படுக்கப்போறதே அவர்தான்!"