அக்காவுக்கு ஒரு பொட்டு

1934 அக்டோபர் 12, வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றேகால் மணி, வானம் மூட்டம். மின்சாரத்தோடு உறவு கொண்டாடிய ஒரே மனிதர் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு முக்காலியில் ஏறினார். ராயப்பேட்டை வயர்மேன். எல்லாருக்கும் அவர் அக்கா பாய்.

கூரையிலிருந்து தொங்கிய இரண்டு வயர்களும் ஒரே கறுப்பு. மின்சாரம் வரும் வயரை அவர் அக்கா என்பார். திரும்பிப் போகும் வயர் தங்கச்சி. எது எது என்று பார்க்க மற்றவர்கள் சோதனை பல்பு வைத்திருப்பார்கள். பாய் வைத்திருந்தது சுண்டுவிரல். அதன் பின்புறத்தால் ஒரு நுனியைத் தொட்டார், சிரித்தார்.

“இவதான் சார் அக்கா. கோவக்காரி. இவளைத்தான் ஸ்விச்சுல கொடுக்கணும். இல்லாங்காட்டி விளக்கை நிறுத்தினாலும் பல்பாண்ட முழிச்சிக்கினே இருப்பா.”

“கையால தொடலாமோ, பாய்?”

“பல்பு ஃபியூஸாயிடும் சார். விரலு ஆவுமா?”

என் மனைவியிடம் குங்குமம் வாங்கி, அடையாளத்துக்கு அக்காவுக்கு ஒரு பொட்டு வைத்தார். மெயினை நிறுத்திவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார்.

மாலை ஆறு மணிக்கு எங்கள் கொலுவில் மின்விளக்கு எரியும் என்று என் மனைவி முப்பத்தோரு வீடுகளில் சொல்லியிருந்தாள். எரியாவிட்டால் நாங்கள் வேறு பேட்டைக்குக் குடிபோக வேண்டியதுதான்.

பாய் தூறலில் நனைந்தபடி திரும்பினார். அண்ணாந்து பார்த்தார்.

“இன்னா சார், ரெண்டு பேருக்கும் பொட்டு கீது?”

“நான்தான் வெச்சேன்,” என்றாள் மனைவி. “நவராத்திரி வெள்ளிக்கிழமை. அக்காவுக்கு வெச்சுட்டுத் தங்கையை மூளியா விடறதா?”

பாய் யோசித்தார். “நியாயந்தாம்மா,” என்று சொல்லி மெயினைப் போடச் சொன்னார்.

“கை ஈரமா இருக்கு பாய், துடைச்சுக்கோங்கோ.”

“நம்ம அக்கா சார். இன்னா பண்ணிடுவா?”

அடுத்த கணம் முக்காலி ஒரு பக்கம், பாய் கொலுவின் கீழ்ப்படியில். செட்டியார் பொம்மைக்குத் தலை இல்லை. பாய் கண் திறக்கவில்லை. மெயினை நிறுத்திவிட்டு ஓடிவந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால், இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. மனைவி அழ ஆரம்பித்தாள்.

ஒரு கண் திறந்தது.

“இடது பக்கம் கீறா பாருங்க, அவதான் அக்கா. சந்தேகமே இல்லை.” மனைவியைப் பார்த்தார். “அழாதம்மா. தங்கச்சி பொட்டு இருக்கட்டும்.”

ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. வந்தவர்கள் அண்ணாந்தே பார்த்தார்கள். தலையில்லாத செட்டியாரை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

பல்பு, ஹோல்டர், வயர், புதுச் செட்டியார்: நாலு ரூபாய் ஏழணா. பாயின் கூலிக்கு, சட்டைப் பையில் இருந்ததை எண்ணாமல் அவர் கையில் வைத்தேன். ஆகவே அந்த விளக்குக்கு மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.