பட்டன் மாறவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருடமாக யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்று தடவை புது நோட்டு வாங்கி, மேலே ஸ்தோத்திரம் எழுதி, அதற்கு மேல் ஓடாமல் மூடி வைத்திருக்கிறேன். மூன்றாவது நோட்டில் என் மனைவி ஞாயிறுப் பள்ளிக்கூடப் பாட்டுகளை எழுத ஆரம்பித்துவிட்டாள்.

சபையில் சாட்சி சொல்லுகிறவர்கள் தாங்கள் முன்பு எவ்வளவு கெட்டவர்களாக இருந்தார்கள் என்பதைப் பொதுவாகக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்கள். (குடித்தது அரை பாட்டில் என்றால் சாட்சியில் அது இரண்டு பாட்டில் ஆகிவிடும்.) என் விஷயத்தில் மற்றவர்கள் சேர்ந்து என் குற்றத்தைக் குறைத்துவிட்டார்கள். அதுதான் சிக்கல்.

நான் சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். திருவேங்கடம், குருவிகுளம் பக்கத்திலிருந்து எரிந்துபோன கிணற்று மோட்டாரை வண்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள். பழைய கம்பியை உருவி எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பது என் வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. ஆனால் விரல் தப்பாது. அறுபத்தெட்டுச் சுற்று என்றால் அறுபத்தெட்டுதான். பேசிக்கொண்டே சுற்றினாலும், பாடிக்கொண்டே சுற்றினாலும் அறுபத்தொன்பது ஆகாது. பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

மகள் பியூலாவுக்குப் புளியங்குடியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பெயர் ஜெபசிங். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். அவருடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம். அந்த வீட்டுக்குப் போனால் நான் நாற்காலியின் நுனியில்தான் உட்காருவேன். காரணம் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும்.

எங்கள் சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம்) மாப்பிள்ளை பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பார். எனக்குத் தெரிந்து யாரும் எழுந்து நின்றதில்லை. எழுந்து நின்ற முதல் ஆள் யார் என்பது இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியும்.

முதல் ஓலை வாசித்து நாலு நாள் ஆகியிருக்கும். என் மனைவி ஜெயக்கனி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இங்க பாருங்க, மாப்பிள்ள வீடியோ கேம் விளையாடுதாராம். பியூலா சொல்லுதா."

"இருபத்தெட்டு வயசுலயா?"

"உலகம் அழிஞ்ச பொறவு நடக்குத கதையாம். மிச்சம் இருக்கவங்க கம்பும் கையுமா அலையுதாங்களாம்."

உலகத்தின் முடிவு என்பது கர்த்தருடைய காரியம். அதைச் சாயங்காலம் காப்பி குடித்துக்கொண்டே டிவியில் விளையாடுகிற பையனுக்குப் பெண் கொடுக்கிறோமே என்று இருந்தது. நேரில் போய் ஒருமுறை பார்த்துவிட்டு, பக்குவமாக நாலு புத்தி சொல்லிவிட்டு வருவோம் என்று தீர்மானித்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை புளியங்குடி பஸ் ஏறினேன். ஆறு குறிப்பு. மூன்றாவது குறிப்பு, பிறர் உயிரை விளையாட்டாக எண்ணுவது பற்றி.

மாப்பிள்ளை ஒன்றையும் மறைக்கவில்லை. டிவியைப் போட்டுக் காண்பித்தார். இடிந்துபோன ஊர். ரோட்டில் துருப்பிடித்த பஸ்கள். மாடிவீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து மரம் முளைத்து வெளியே வந்திருந்தது. ஊரைத் தாண்டினால் குருவிகுளம் பக்கத்துக் கரிசல் காடு மழை பொய்த்த வருடத்தில் இருக்குமே, அதே மாதிரி வெடித்துக் கிடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பிடித்திருந்தது.

"நீங்களே பிடிச்சுப் பாருங்க மாமா" என்று அந்தப் பட்டன் வைத்த கருவியை என் கையில் கொடுத்தார். "சதுரப் பட்டன் ஆள்கிட்ட பேசுததுக்கு. வட்டப் பட்டன் கம்பால அடிக்கதுக்கு. சும்மா தட்டுனா அடிக்காது, அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"எந்தப் பக்கம் போகணும்?"

"எங்கன வேணும்னாலும் போலாம் மாமா. இப்படித்தான் போகணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க. உங்க இஷ்டம்."

எட்டாம் வகுப்புக்குப் பிறகு என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான் திரையில் இருந்த என் ஆளை நேராக ஒரு இடிந்த பம்ப் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு மோட்டார் கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வயர் வருகிற வழியைத் தப்பாக வரைந்திருந்தார்கள்.

பக்கத்து நாற்காலியில் தலைமையாசிரியர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, உலகம் அழிஞ்சாலும் நீங்க கடையைத் தொறந்துருவீய போலுக்கே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதுவரை நன்றாகத்தான் போனது.

மோட்டாரைப் பார்த்துக்கொண்டே நின்றதில் என் ஆளுக்குத் தாகம் வந்துவிட்டது. திரை ஓரத்தில் ஒரு நீலக்கோடு. அது குறைந்தால் தண்ணீர் குடிக்க வேண்டும், தீர்ந்தால் ஆள் காலி. வெளியே வந்தேன். ஒரு பஸ்ஸின் நிழலில் வயதான பெண் ஒருத்தி தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சதுரப் பட்டனைத் தட்டினேன். அவள் நிமிர்ந்து பார்த்து இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். கீழே நாலு வரி வந்தது. அதுவும் இங்கிலீஷ். அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்தால் அதை என் ஆள் அவளிடம் சொல்லுவான்.

மோட்டார் தகட்டில் இருக்கிற வோல்ட், ஆம்ப்ஸ், ஆர்.பி.எம். எல்லாம் நான் வாசிப்பேன். வாக்கியமாக வந்தால் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். முதல் வரியில் இரண்டாவது வார்த்தையில் நின்றேன். நீலக்கோடு இறங்கிக்கொண்டிருந்தது.

தலைமையாசிரியர் மெதுவாகக் குனிந்தார். "அண்ணாச்சி, கண்ணாடி கொண்டு வரலியோ? நான் வேணா வாசிச்சுச் சொல்லுதேன்."

அன்பாகத்தான் கேட்டார். ஆனால் கண்ணாடி என் மூக்கில்தான் இருந்தது.

"வேண்டாம் சார்" என்றேன்.

என் ஆள் கம்பை ஓங்கினான். ஒரே அடி. அவள் பஸ்ஸோடு சாய்ந்து விழுந்தாள். கேன் என் ஆள் கைக்கு வந்தது. அவன் குடித்தான். நீலக்கோடு நிரம்பியது. அது நிரம்புவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"ஐயையோ" என்றார் தலைமையாசிரியர், அவ்வளவுதான். மாப்பிள்ளை மெல்லக் கருவியை வாங்கி டிவியை அணைத்தார். சட்டைப் பையில் ஆறு குறிப்பும் அப்படியே இருந்தது. பஸ் ஸ்டாண்டு வரை வண்டியில் கொண்டுவந்து விட்ட மாப்பிள்ளை ஆறுதலாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"மனசுல வச்சுக்கிடாதீங்க மாமா. மறுபடி ஆரம்பிச்சா அங்கனயேதான் உக்காந்திருப்பா. அவகிட்ட ரெண்டு கேன் உண்டு. கேட்டா ஒண்ணு குடுத்துருவா."

கேட்பதைப் பற்றிய ஒரு வசனம் என் கடையில் காலண்டரில் தொங்குகிறது. எது என்று என் சபைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்காக: 'கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்.' பஸ் சங்கரன்கோவில் வந்து சேரும்வரை அந்த வசனம்தான் கண் முன்னால் நின்றது.

மறுநாள் இரண்டாவது ஓலை. அன்றைக்குத் திருவிருந்தும் (பீடத்தின் முன் போய் அப்பமும் ரசமும் வாங்குவது) இருந்தது. திருவிருந்துக்குப் போகுமுன் பிறருக்குச் செய்த தீங்கை நினைத்துப் பார்த்து ஒப்புரவாக வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. நான் யாரிடம் போய் ஒப்புரவாவது? அவள் புளியங்குடியில் அணைத்த டிவிக்குள் இருக்கிறாள். 'அது படம்தானே' என்று ஒரு மனது சொன்னது. 'கை உன்னுடையதுதானே' என்று இன்னொரு மனது சொன்னது. நான் எழுந்திருக்கவில்லை.

நான் காணிக்கைப் பை பிடிக்கிறவன். நடைபாதை ஓரம், முதல் வரிசை. என் முழங்காலைத் தாண்டித்தான் என் வரிசை முழுக்கப் போனது. போனவர்கள் எல்லாரும் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். ஜெயக்கனி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். மத்தியானம் நான் பிரியாணி சாப்பிட்டதை அவள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

ஓலை வாசித்த அன்றைக்குப் பெண்ணின் தகப்பன் திருவிருந்துக்குப் போகவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? சம்பந்தத்தில் ஏதோ வில்லங்கம் என்றுதான் நினைக்கும். செவ்வாய்க்கிழமைக்குள் மாப்பிள்ளை ஏற்கெனவே மஸ்கட்டில் கல்யாணம் முடித்தவர் என்று பேச்சு வந்துவிட்டது. (அவர் பாஸ்போர்ட்டே எடுத்ததில்லை.) புதன்கிழமை தலைமையாசிரியர் போன் செய்தார். குரல் மாறியிருந்தது.

"அண்ணாச்சி, உங்களுக்கு மனத்தாங்கல் ஏதும் உண்டுன்னா நேரா சொல்லிருங்க. ஊர் வாயில விழ எங்களால முடியாது. ஞாயித்துக்கிழம நாங்க உங்க சபைக்கே வாரோம். மூணாவது ஓலையைக் கேட்டுட்டு முடிவு பண்ணிக்கிடலாம்."

பியூலா அன்றைக்கு என் கடைக்கு வந்தாள். அழவில்லை. காயில் கட்டுகிற மேஜைக்கு எதிரே நின்றாள்.

"அப்பா, அவங்க வீட்டுல வச்சு என்னதான் நடந்துச்சு? எனக்கு இந்தக் கல்யாணம் வேணும்பா."

மகளிடம்கூட என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் நாலு வரி இங்கிலீஷைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. புளியங்குடிக்காரர்கள் நாலாவது வரிசையில் இருந்தார்கள். ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். ஆலயம் முழுக்க என் முதுகைப் பார்த்தது. முதுகால் பார்வையை உணர முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இதற்கு மேல் மூடி வைத்தால் பிள்ளையின் வாழ்வு போய்விடும் என்று பட்டது. எழுந்து நின்றேன்.

எழுந்த பிறகுதான் உறைத்தது. எழக்கூடாத ஒரே நேரம் அதுதான். பின்னால் ஜெயக்கனி, "ஏசப்பா" என்றாள்.

"ஐயரே, தடை ஒண்ணும் இல்ல" என்றேன். "பையன் தங்கமான பையன். தப்பு செஞ்சவன் நான். போன வாரம் சனிக்கிழம புளியங்குடியில வச்சு ஒரு பொம்பளைய அடிச்சுக் கொன்னுட்டேன்."

ஐயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரை, அண்ணாச்சி?"

"பேரு தெரியாது ஐயரே. டிவியில இருந்தா."

பெண்கள் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். நான் மிச்சத்தையும் சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் அடித்தேன் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதற்குள் நாலாவது வரிசையில் ஜெபசிங் எழுந்தார்.

"ஐயரே, அது ஒரு கேம். நான்தான் மாமாகிட்ட குடுத்தேன். பட்டன் மாறிட்டு. அவ்வளவுதான்."

முதலில் தலைமையாசிரியர் சிரித்தார். பிறகு ஆலயமே சிரித்தது. ஐயரும் சிரிப்பை மறைக்க ஓலையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். "தடை இல்லை" என்று அவர் சொன்னது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. வெளியே வந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கட்டிப்பிடித்து, "இவ்வளவு நல்ல மனுசன் வீட்டுல சம்பந்தம் கெடைக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றார். பியூலா என் கையை விடவே இல்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன். கல்யாணம் நடந்தது. நன்றாக நடந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதற்கும் அந்த வார்த்தைதான். குழம்பில் உப்புக் கூடினால் பட்டன் மாறிட்டு. சர்க்கரை டப்பாவில் ரவை இருந்தால் பட்டன் மாறிட்டு. தலைமையாசிரியர் கிறிஸ்துமஸுக்கு வந்தால் என்னைக் கண்டதும் இரண்டு கையையும் தூக்கி, "அண்ணாச்சி, பட்டன் பக்கம் போயிராதீய" என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்த வருடம் பேத்தி கெசியா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கீழே தள்ளிவிட்டு அதன் பிஸ்கட்டைப் பிடுங்கித் தின்றாள். என்னவென்று கேட்டதற்கு, நாலு வயதுப் பிள்ளை, கொஞ்சமும் யோசிக்காமல், "பட்டன் மாறிட்டு" என்றது. வீடே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மட்டும் நீலக்கோடு நிரம்புவது தெரிந்தது.

அன்றைக்கே எல்லாரையும் உட்காரவைத்து உள்ளதைச் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "அப்பா இப்பல்லாம் நல்லா ஜோக்கடிக்காங்க" என்றாள் பியூலா. தலைமையாசிரியரிடம் போனில் சொன்னேன். "நமக்கு வயசாயிட்டு அண்ணாச்சி, ஞாபகம் மாறும்" என்று என்னைத் தேற்றினார். மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. வட்டப் பட்டனைச் சும்மா தட்டினால் அடிக்காது என்று அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சுற்றுத் தப்பாத என் விரலையும் அவர் பார்த்திருக்கிறார். ஆறு வருடமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பையனுக்குப் புத்தி சொல்லத்தான் நான் பஸ் ஏறிப் போனேன்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தக் கதை உங்கள் காதுக்கு வேறு மாதிரி வந்திருக்கலாம். இனிமேல் சொல்லுவதானால் நான் எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள், அதற்குக் குறைவில்லை. ஆனால் கூட்டவும் வேண்டாம், என்மேல் இரக்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். பட்டன் மாறவில்லை. அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தாகத்துக்காகவும் இல்லை. எனக்கு அந்த நாலு வரி இங்கிலீஷை வாசிக்கத் தெரியவில்லை என்பது சம்பந்திக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.