பொறுங்க காக்காவும் என் உல்லாசப் போட்டும்

தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் உள்ள ஜனங்கள் கடலுக்குப் பட வேண்டிய பயம் மொத்தத்தையும் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் பொறுங்க காக்கா. காக்கா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் பேச்சில் அண்ணன்; பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அவருக்கே மறந்திருக்கும். எதைச் சொன்னாலும் "பொறுங்க தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார். சாப்பிட வாங்க என்றால்கூடப் பொறுங்கதான். மீனில் முள் இருக்குமாம்.

அவர் எனக்கு வாய்த்த கதையைச் சொல்ல வேண்டுமானால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு உச்சிப்புளிச் சந்தைக்கு நடந்தவன், முப்பத்தைந்து வயதில் மண்டபத்தில் சொந்த மண்டி வைத்தேன். கொழும்புக்கு என் சரக்குப் போகாத வாரம் கிடையாது. அப்படிப்பட்டவனுக்கு ஓர் ஆசை வந்தால் தப்பா? வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போன மறுவருஷம், ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரை தன் மோட்டார் போட்டை விற்றான். நாலு பேர் உட்காரலாம். வெள்ளைப் பெயிண்ட், பெட்ரோல் எஞ்சின், மெத்தை வைத்த இருக்கை. பக்கவாட்டில் இங்கிலீஷில் ஒரு பெயர் எழுதியிருந்தது. அது என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்டால் இவனுக்குப் படிக்கத் தெரியாது என்று நினைத்துவிடுவார்களே என்று கேட்காமலே இருந்துவிட்டேன்.

கரையில் கூட்டம் கூடிவிட்டது.

"என்ன மொதலாளி, வலை போடவா?"

"இல்லப்பா."

"சரக்கு ஏத்தவா?"

"இல்ல. சும்மா போயிட்டு வர."

"எங்கன?"

"எங்கனயும் இல்ல. இப்பிடிப் போயி அப்பிடித் திரும்பி வாரது."

ஒருத்தன் இன்னொருத்தனைப் பார்த்தான். "மொதலாளிக்கு வீட்ல எதும் சண்டையாடா?" என்று அவன் காதோடு கேட்டது என் காதிலும் விழுந்தது.

வாங்கிய பிறகுதான் கவலை ஆரம்பித்தது. எங்கே கட்டுவது, யார் பார்ப்பது, எஞ்சின் இருமினால் என்ன மருந்து கொடுப்பது? ரங்கூன், பினாங்கு என்று கப்பல் எஞ்சின் அறையில் இருபது வருஷம் கிடந்தவர் ஒருவர் ஊரோடு வந்துவிட்டார் என்றார்கள். கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். ஒடிசலான உடம்பு, கட்டம் போட்ட கைலி, கக்கத்தில் மழைக்கும் வெயிலுக்கும் ஒரு குடை.

"நீங்க போன கப்பல் ஏதாச்சும் முங்கியிருக்கா காக்கா?"

"ஒண்ணுகூட முங்கல தம்பி. அதான் பயமா இருக்கு. எனக்கு முங்க வேண்டியது பூராவும் பாக்கி இருக்கு."

இதைக் கேட்டதும் எவனாவது வேலைக்கு வைப்பானா? நான் வைத்தேன். ஆளை எடை போடுவதில் என்னை மிஞ்ச இந்த ஜில்லாவில் ஆள் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு கடல் உண்டு. வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். நடுவில் ஒரு வெற்றிலை போட்டுத் துப்பும் தூரம். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை பிறந்தால் அப்படியே மாறிவிடும். அதனால் வருஷத்துக்கு இரண்டு தரம் படகைக் கரை மாற்றுவது வழக்கம். காக்கா வாரத்துக்கு இரண்டு தரம் மாற்றினார். காற்று மூக்கில் கொஞ்சம் பட்டால் போதும், வண்டிக்கார முனியாண்டியின் வாசலில் போய் நிற்பார். என் போட்டு மாட்டு வண்டியில் ஏறிவிடும். முதல் வருஷம் அது தண்ணீரில் ஓடியதைவிடத் தார் ரோட்டில் ஓடியதுதான் அதிகம்.

"ஏலே, மொதலாளி கப்பல் வருது, ஒதுங்குங்கடா!" என்று டீக்கடையில் கத்துவார்கள். ரயில்வே கேட்காரர் இரண்டு கொடியையும் கையில் எடுத்துக்கொண்டு, "காக்கா, கப்பலுக்குப் பச்சை காட்டவா, செவப்புக் காட்டவா?" என்பார். காக்கா கோபப்பட மாட்டார். "பொறுங்க, ரயில் வருதான்னு பாத்துச் சொல்லுங்க" என்பார்.

கடலில் இறங்கினாலும் அதே கூத்துதான். வடகடலில் கொஞ்ச தூரம் போவோம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துகொண்டு வரும் நேரம் பார்த்து, "பொறுங்க தம்பி, மேகம் சரியில்ல" என்று திருப்பிவிடுவார். வானம் துடைத்து வைத்த வெங்கலத் தாம்பாளம் மாதிரி இருக்கும். அடுத்த தரம், "எஞ்சின் சத்தம் மாறுது." அதற்கடுத்த தரம், "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு." எந்தக் காரணம் சொன்னாலும் திருப்புகிற இடம் மட்டும் ஒரே இடம். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் இந்தக் கதை இல்லை.

இப்படி இருக்கையில் என் மூத்த மகளுக்கு ஓர் இடம் வந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம், கண்ணுக்கு எட்டிய மட்டும் மிளகாய்க்காடு உள்ள குடும்பம். அதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும், கருவாட்டு நாத்தம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டன. மாப்பிள்ளையின் அப்பா, மிளகாய்க்காட்டு அய்யாவும் தரகரிடம், "கருவாட்டு மண்டி வீடுதானே" என்று இழுத்ததாகக் கேள்வி. என் மகள் அவர்கள் வருகிற அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தரம் குளித்தாள். அதைப் பார்த்ததும் நான் முடிவு செய்துவிட்டேன். கருவாட்டை மறக்கடிக்க என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வெள்ளைப் பெயிண்ட் அடித்தது.

ஆனி மாதம், நல்ல கச்சான். போட்டு வடகரையில் கிடந்தது. தண்ணீர் பாய் விரித்த மாதிரி. காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறுங்க தம்பி. இன்னைக்கு வேணாம். தென்கடல் மொறைச்சுக்கிட்டு நிக்கும், ஆனா எஞ்சின் நின்னாக் காத்தே கரையில கொண்டாந்து போட்டுரும். வடகடல் சிரிக்கும். நின்னுச்சோ, காத்து வெளிய தள்ளும். தள்ளிக்கிட்டே இருக்கும்."

"சம்பந்தி வீட்டு ஆளு முன்னால வந்து பொறுங்க கிறுங்கன்னு நின்னீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். நானே ஓட்டிக்கிறேன். நீங்க கரையில இருங்க."

போட்டுக்குள் அவர் போட்டு வைத்திருந்த துடுப்பு, தண்ணீர்க் குடம், கிழிந்த சாக்கு எல்லாவற்றையும், அழகு கெடுகிறது என்று வெளியே எறியச் சொன்னேன். அவர் பின்பக்கம் குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். நிமிர்ந்து, "சரி தம்பி, போங்க" என்றார். பொறுங்க என்று சொல்லவில்லை! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அய்யா மெத்தையில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் எஞ்சினை உறுமவிட்டேன். கரையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். நடுவில் என் மகளின் அரக்குச் சேலை. காக்கா வழக்கமாகத் திருப்பும் இடம் நெருங்கியது. இன்றைக்குத் தாண்டிக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். எஞ்சின் இரண்டு தரம் தும்மியது. நின்றது.

"என்ன, நின்னுபோச்சு?" என்றார் அய்யா.

"நாந்தேன் நிறுத்துனேன். சத்தமில்லாமக் காத்து வாங்கலாம்னு."

கயிற்றைச் சுற்றி இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். சட்டை நனைந்துவிட்டது. முதுகில் கச்சான் ஜில்லென்று அடித்தது. அரக்குச் சேலை சின்னதாகிக்கொண்டே போனது. நான் பயப்படவில்லை, ஒரு கை தானாக விளிம்பைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். துடுப்பு கரையில் கிடப்பது ஞாபகம் வந்தது.

"அங்கிட்டுப் போனா எந்த ஊருங்க?" என்று அய்யா வடக்கே கையைக் காட்டினார்.

"ஊரெல்லாம் ரொம்பத் தள்ளி இருக்குங்க."

"நமக்கு நீச்சத் தெரியாதுங்க. கிணத்தடியிலகூட மோந்துதான் குளிப்பேன்."

அப்போது போட்டு வெடுக்கென்று ஓர் உதறு உதறி, நடுக்கடலில் ஆணி அடித்த மாதிரி நின்றது. அய்யா என் மடியில் வந்து விழுந்தார். அடுத்த நிமிஷம், எஞ்சின் ஓடாமலே, போட்டு பின்பக்கமாகக் கரையைப் பார்த்துப் போக ஆரம்பித்தது.

"இது என்ன மாயம்?"

"பின்னால போறதுக்கு இதுல தனிக் கியர் இருக்குங்க" என்றேன். வாய் என்னைக் கைவிட்டதே கிடையாது.

அய்யா கண்ணைச் சுருக்கிக் கரையைப் பார்த்தார். "அந்தக் கியருக்குக் கொம்பு இருக்கேய்யா!"

நானும் பார்த்தேன். கரையில் முனியாண்டியின் மாட்டு ஜோடி கடலுக்கு முதுகைக் காட்டி இழுத்துக்கொண்டிருந்தது. மாட்டுக்கும் போட்டுக்கும் நடுவே தண்ணீரிலிருந்து சொட்டச் சொட்ட எழும்பியது ஒரு தென்னங்கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு, குடை ஒரு பக்கம் கிடக்க, காக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

பின்பக்கம் முன்னாலாக, ஊர் மொத்தமும் பார்க்க, உழவுக்கு வந்த ஏர் மாதிரி கரை சேர்ந்தோம். எனக்குத் தலை நிமிரவில்லை. சம்பந்தம் போனது என்றே நினைத்தேன். என் மகள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அய்யா இறங்கியதும் நேரே மாட்டிடம் போய் வலத்து மாட்டின் திமிலைத் தடவினார். பிறகு காக்காவிடம் திரும்பினார்.

"கயிறு எப்பக் கட்டுனீக?"

"எப்பவும் கட்டித்தான் இருக்கும்ங்க. போட்டு வாங்குன நாள்ல இருந்து. மறுமுனை அந்தப் பனையில. மெதக்காம இருக்கக் கல்லு கட்டியிருக்கேன். இன்னைக்கு நான் உள்ள இல்லைல, பனை நிறுத்தும், இழுக்காது, அதான் முனைய அவுத்துக் கையில வச்சிக்கிட்டேன்."

கையைப் பார்த்தோம். தோல் உரிந்து இரண்டு உள்ளங்கையும் பச்சை இரத்தமாக இருந்தது. முனியாண்டி மாட்டைப் பூட்டி வருகிறவரைக்கும் அவர் ஒற்றை ஆளாகப் பிடித்திருக்கிறார்.

அய்யா என் பக்கம் வந்தார். "சம்பந்தி" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குப் பாதி உயிர் வந்தது. "பின்னால இப்பிடி ஒரு ஆளு நிக்கிற வீட்டுல பொண்ணு எடுக்குறேன். ஆனா ஒண்ணு, கல்யாணத்துக்கு நான் வண்டியிலதான் வருவேன்."

காக்கா உடனே, "பொறுங்க, அச்சாணியப் பாத்துட்டு ஏறுங்க" என்றார்.

ஆறேழு வருஷம் கழித்து, ஒரு நோன்பு மாதத்தில் காக்கா மௌத்தாகிவிட்டார். படுக்கையில் விழுந்து நாலே நாள்.

அந்தக் கச்சானில் நான் தனியாக வடகடலில் போட்டை இறக்கினேன். பின்பக்க வளையத்தில் கயிறு இல்லை. தண்ணீர் சிரித்தது. அவர் எப்போதும் திருப்பும் இடத்துக்கு வந்ததும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அந்த உதறலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, அந்த வாரமே போட்டை விற்றுவிட்டேன்.

கடலைக் கண்டு நான் பயந்தது என் ஆயுசில் அந்த ஒரு நாள்தான்.